இங்கிலாந்து மருத்துவமனைகளின் சம்பளமில்லாக் கவர்னர்கள்

லண்டன் டூட்டிங்கில் குடியிருக்கும் ஒரு தமிழர், தன் வீட்டருகே உள்ள செயின்ட் ஜார்ஜஸ் மருத்துவமனையின் சேர்மனை நியமிக்கும் குழுவுக்கு, உறுப்பினராகச் சேர்ந்து ஓட்டுப் போடலாம். விருப்பமிருந்தால் அந்தக் குழுவுக்குத் தானே வேட்பாளராக நிற்கலாம். ஈஸ்ட்ஹாமில் இருக்கும் அவருடைய சித்தப்பாவுக்குத் தன் மருத்துவமனையில் இந்த உரிமை கிடையாது. அவர் போவது நியூஹாம் மருத்துவமனைக்கு. ஹாரோவில் இருக்கும் அத்தைக்கும் கிடையாது. அவருக்கு நார்த்விக் பார்க். மூன்றும் ஒரே என்.ஹெச்.எஸ். என்ற அரசின் தேசிய சுகாதார சேவைதான், மூன்றிலும் கட்டணமில்லா வைத்தியம்தான். ஆனால் செயின்ட் ஜார்ஜஸை நடத்துவது 'ஃபவுண்டேஷன் டிரஸ்ட்' என்ற, தன்னாட்சி பெற்ற அமைப்பு, மற்ற இரண்டையும் நடத்துபவை சாதாரண என்.ஹெச்.எஸ். டிரஸ்ட்டுகள். பெரும்பாலான நோயாளிகளுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் அநேகமாக வந்திருக்காது.

ஃபவுண்டேஷன் டிரஸ்ட் என்றால் அதற்குக் கவர்னர்கள் குழு என்று ஒன்று இருந்தாக வேண்டும். அது சட்டம். அந்தக் குழுவில் பாதிக்கு மேற்பட்டவர்களைச் சுற்றுவட்டாரப் பொதுமக்களும் நோயாளிகளும் தேர்ந்தெடுக்க வேண்டும். ஊழியர்கள் தங்களுக்குள் ஓட்டுப் போட்டுச் சிலரை அனுப்புவார்கள். உள்ளூர் கவுன்சிலிலிருந்து குறைந்தது ஒருவர் வருவார். மருத்துவக் கல்லூரியோடு இணைந்த மருத்துவமனை என்றால் பல்கலைக்கழகத்திலிருந்தும் ஒருவர். பதவிக் காலம் அதிகபட்சம் மூன்றாண்டு, அப்புறம் மறுபடி நிற்கலாம். சம்பளம் இல்லை. பஸ், ரயில் செலவைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஓய்வுபெற்ற ஆசிரியர், முன்னாள் வங்கி அதிகாரி, நீண்டகால நோயாளி, கணவருக்கு அதே மருத்துவமனையில் பைபாஸ் நடந்த நன்றியில் ஏதாவது செய்யலாம் என்று வந்தவர் என்று இந்த மாதிரி ஆட்கள்தான் பெரும்பாலும் வருகிறார்கள்.

இவர்கள் மருத்துவமனையை நடத்துவதில்லை. இது பலருக்கும் குழப்பம் தரும் இடம். புதிதாகத் தேர்வான கவர்னர்களே முதல் சில மாதங்கள் இதில் தடுமாறுவதுண்டு. மருத்துவமனையை நடத்துவது போர்டு. போர்டில் இரண்டு வகையினர்: சீஃப் எக்சிக்யூட்டிவ், நிதி இயக்குநர், மெடிக்கல் டைரக்டர், சீஃப் நர்ஸ் போன்ற முழுநேர நிர்வாகிகள் ஒரு பக்கம். அவர்களைக் கண்காணிக்க வெளியிலிருந்து வரும் நான்-எக்சிக்யூட்டிவ் இயக்குநர்கள் மறுபக்கம். கவர்னர்களின் வேலை இந்த இரண்டாம் வகையினரைக் கண்காணிப்பது. அதாவது கண்காணிப்பவர்களைக் கண்காணிப்பது. அந்த நான்-எக்சிக்யூட்டிவ்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 13,000 பவுண்டு ஊதியம் உண்டு, சேர்மனுக்கு அதைவிடப் பல மடங்கு. அதை நிர்ணயிப்பதும் கவர்னர்கள்தான். ஒரு பைசா வாங்காதவர்கள் உட்கார்ந்து, வாங்குபவர்களை நேர்காணல் செய்து, சம்பளம் பேசி, வேலைக்கு வைக்கிறார்கள்.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1948 ஜூலை 5-ல் என்.ஹெச்.எஸ். தொடங்குவதற்கு முன், இங்கிலாந்தின் பெரிய மருத்துவமனைகள் பலவும் நன்கொடையில் நடந்தவை. பணம் கொடுத்த பிரமுகர்களே கவர்னர்கள். தேசிய சேவை வந்ததும் எல்லாம் அரசின் கைக்குப் போயிற்று. சேவையைத் தொடங்கிய அனைரின் பெவன், வேல்ஸின் டிரெடீகரில் ஒரு மருத்துவமனைத் தரையில் மலத்தட்டு விழுந்தால் அந்தச் சத்தம் லண்டன் அமைச்சகத்தில் எதிரொலிக்க வேண்டும் என்று சொன்னதாகச் சொல்வார்கள். பொறுப்பெல்லாம் மேலே, அமைச்சரிடம். ஊருக்கு ஒரு குரல் வேண்டுமே என்று 1974-ல் சமூக நலவாழ்வு கவுன்சில்கள் ஏற்படுத்தப்பட்டன. அவற்றுக்கு அதிகாரம் பெரிதாக இல்லை, ஆனால் மருத்துவமனையைச் சாராமல் வெளியே நின்று கத்துவதற்கு ஓர் இடம் இருந்தது. இங்கிலாந்தில் 2003-ல் அவற்றை மூடிவிட்டார்கள்.

அதே ஆண்டில்தான் ஃபவுண்டேஷன் டிரஸ்ட் சட்டம் வந்தது. டோனி பிளேர் அரசில் சுகாதார அமைச்சராக இருந்த ஆலன் மில்பர்னின் யோசனை அது. மாட்ரிட்டுக்கு வெளியே உள்ள அல்கோர்கோன் மருத்துவமனையைப் பார்த்துவிட்டு வந்தவர் அவர். அரசின் உடைமையாக இருந்தபடியே, அமைச்சகத்தின் தினசரிக் கட்டளைகள் இல்லாமல், தன் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும் மருத்துவமனை என்ற எண்ணம் அங்கே வலுப்பட்டது. ஆனால் ஆளும் லேபர் கட்சிக்குள்ளேயே பலத்த எதிர்ப்பு. இது தனியார்மயத்துக்கு முதல் படி, பணக்கார மருத்துவமனை ஏழை மருத்துவமனை என்று இரண்டு சாதி உண்டாகும் என்று முன்னாள் சுகாதார அமைச்சர் ஃபிராங்க் டாப்சனே எதிரணியில் நின்றார். கூட்டுறவுச் சங்கம்போல ஊர்மக்கள் உறுப்பினராகி, கவர்னர்களைத் தேர்ந்தெடுப்பார்கள் என்ற பகுதி இந்த எதிர்ப்பாளர்களைச் சமாதானப்படுத்தவும் பயன்பட்டது. மருத்துவமனை அமைச்சரின் கையை விட்டுப் போகிறது என்கிறீர்களா, சரி, ஊரின் கைக்குத்தானே வருகிறது என்று பதில் சொல்லலாம் அல்லவா.

2003 நவம்பரில் கடைசி வாக்கெடுப்பு. 160-க்கும் மேல் பெரும்பான்மை வைத்திருந்த அரசு 17 ஓட்டில் தப்பியது. சட்டம் பாதிப்பது இங்கிலாந்தை மட்டும். காப்பாற்றிய ஓட்டுகளில் ஸ்காட்லாந்து லேபர் எம்.பி.க்களுடையதும் சேர்த்தி. அவர்கள் ஊர் மருத்துவமனைகளில் இன்றுவரை இப்படிப்பட்ட கவர்னர்கள் கிடையாது.

2004 ஏப்ரல் 1-ல் முதல் பத்து டிரஸ்ட்டுகள் வந்தன. மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை, புற்றுநோய்க்குப் பெயர்பெற்ற ராயல் மார்ஸ்டன், கிழக்கு லண்டனின் ஹோமர்ட்டன், வடக்கே பிராட்ஃபோர்டு எல்லாம் அதில் அடக்கம். பிராட்ஃபோர்டின் கதை இந்த அமைப்பைப் புரிந்துகொள்ள நல்ல பாடம். உபரி வரும் என்று கணக்குக் காட்டித் தொடங்கிய டிரஸ்ட், சில மாதங்களிலேயே பற்றாக்குறையில் விழுந்தது. ஆண்டு முடிவதற்குள் சேர்மன் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். நீக்கியது கவர்னர்கள் அல்ல, 'மானிட்டர்' என்ற ஒழுங்குமுறை அமைப்பு. சேர்மனை நீக்கும் அதிகாரம் கவர்னர்களிடம்தான் இருந்தது, காகிதத்தில். பிறந்து சில மாதமே ஆன குழு அதைத் தொடுவதற்குள் மேலே இருந்தவர்கள் முடித்துவிட்டார்கள்.

அந்த அதிகாரத்தைப் பயன்படுத்துவது லேசான காரியமும் இல்லை. சேர்மனையோ ஒரு நான்-எக்சிக்யூட்டிவையோ நீக்கக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் கை தூக்க வேண்டும். கை தூக்கும் கூட்டத்துக்கு வழக்கமாகத் தலைமை தாங்குபவர் யார்? அந்தச் சேர்மனேதான். போர்டுக்கும் அவரே சேர்மன், கவர்னர்கள் குழுவுக்கும் அவரே சேர்மன் என்பது சட்டம். அவருடைய பதவியைப் பற்றிப் பேசும்போது மட்டும் வேறொருவர் அந்த நாற்காலிக்கு வருவார். இதை வடிவமைத்தவர்கள் போர்டுக்கும் குழுவுக்கும் பாலமாக இருக்கட்டும் என்று நினைத்திருக்கலாம். யார் பேசலாம், எது நிகழ்ச்சி நிரலில் வரும் என்பதைத் தீர்மானிப்பவரையே கேள்வி கேட்பது எவ்வளவு சங்கடம் என்பது எந்தச் சங்கத்திலாவது பொறுப்பில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

மற்ற அதிகாரங்கள்: ஆடிட்டரை நியமிப்பது, நீக்குவது. நான்-எக்சிக்யூட்டிவ்கள் தேர்ந்தெடுக்கும் சீஃப் எக்சிக்யூட்டிவுக்கு ஒப்புதல் தருவது. ஆண்டுக் கணக்கும் அறிக்கையும் பெற்றுக்கொள்வது. 2012-ன் சுகாதாரச் சட்டம் இவற்றோடு இன்னும் சில சேர்த்தது. இன்னொரு டிரஸ்ட்டோடு இணைவதென்றால் குழுவின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் சம்மதிக்க வேண்டும். தனியார் நோயாளிகளிடமிருந்து வருவது போன்ற, என்.ஹெச்.எஸ். அல்லாத வருமானத்தின் பங்கை ஓராண்டில் ஐந்து சதவீதப் புள்ளியோ அதற்கு மேலோ உயர்த்துவதற்கும் கவர்னர்களின் சம்மதம் வேண்டும். வருமானத்தில் 2 சதவீதமாக இருந்ததை 7 சதவீதமாக்க நினைத்தால் அவர்கள் முன் வந்து நிற்க வேண்டும். முன்பு தனியார் வருமானத்துக்கு ஒவ்வொரு டிரஸ்ட்டுக்கும் கடுமையான உச்சவரம்பு இருந்தது. அதை அரசு எடுத்துவிட்டு, பாதிக்கு மேல் என்.ஹெச்.எஸ். வருமானமாக இருந்தால் போதும் என்று தளர்த்தியபோது, கூடவே பூட்டிய பூட்டு இது. சாவியை ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் கொடுத்துவிட்டார்கள்.

சரி, நடைமுறையில் இவர்கள் என்ன செய்கிறார்கள்? ஆண்டுக்கு நான்கைந்து முறை பொதுக்கூட்டமாகக் கூடுவார்கள். ஒரு வாரத்துக்கு முன்பே மின்னஞ்சலில் காகிதக்கட்டு வந்துவிடும். நூறு பக்கத்தைத் தாண்டுவது சாதாரணம். பச்சை, மஞ்சள், சிவப்பு நிறம் பூசிய அட்டவணைகள் அதில் பாதி. அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தவர்களில் 95 சதவீதம் பேரை நான்கு மணி நேரத்துக்குள் பார்த்து முடிக்க வேண்டும் என்பது பழைய இலக்கு. 2015-க்குப் பிறகு இங்கிலாந்து மொத்தமாக அதை ஒரு மாதம்கூட எட்டவில்லை. ஆகவே அந்தக் கட்டம் எப்போதும் சிவப்பு. எப்போதும் சிவப்பாக இருக்கும் கட்டத்தை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை என்பது இந்த அட்டவணைகளின் பெரிய கோளாறு.

நல்ல கவர்னர் என்ன கேட்பார் என்பதற்கு ஓர் உதாரணம். இரவு ஷிஃப்டில் நர்ஸ் பற்றாக்குறை என்று அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது. ஏன் பற்றாக்குறை என்று சீஃப் நர்ஸை மடக்குவது கவர்னரின் வேலை அல்ல. சிகிச்சையின் தரத்தைப் பார்க்கும் போர்டு கமிட்டிக்குத் தலைவராக இருக்கும் நான்-எக்சிக்யூட்டிவைப் பார்த்துக் கேட்க வேண்டும்: "இதை உங்கள் கமிட்டி எப்படிச் சரிபார்த்தது? இரவில் வார்டுக்குப் போய்ப் பார்த்தீர்களா, இல்லை, ஆள் எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று சொன்னதை ஏற்றுக்கொண்டீர்களா?" கேள்வி சுற்றிவளைப்பதுபோலத் தெரியும். ஆனால் முதல் கேள்விக்கு வருவது விளக்கம்; இரண்டாவதற்கு வருவது ஒன்று சான்று, இல்லையென்றால் தடுமாற்றம். தடுமாற்றமும் ஒரு தகவல்தான். கவர்னர்களுக்கு நடத்தப்படும் பயிற்சி வகுப்புகளில் இந்த மாதிரி கேள்வி கேட்கும் பழக்கத்துக்குத்தான் அதிக நேரம் போகிறது. இந்தப் பயிற்சியைக் கிடைக்கச் செய்வது டிரஸ்ட்டின் சட்டப்படியான கடமை.

கூட்ட அறைக்கு வெளியே இன்னொரு வேலை இருக்கிறது. எனக்கு அதுவே மேலானதாகப் படுகிறது. 2013-லிருந்து இங்கிலாந்து மருத்துவமனைகளில் 'பிளேஸ்' என்று ஒரு சோதனை நடக்கிறது. சோதனைக் குழுவில் பாதிப் பேராவது நோயாளிகளின் தரப்பிலிருந்து வர வேண்டும். பல டிரஸ்ட்டுகளில் கவர்னர்கள் இதில் சேர்ந்துகொள்கிறார்கள். கையில் படிவத்தோடு வார்டு வார்டாகப் போவார்கள். கட்டிலுக்கு அடியில் தூசி இருக்கிறதா? கழிவறைக் கதவில் மறதி நோய் உள்ளவருக்கும் புரிகிற படம் ஒட்டியிருக்கிறதா? சுவர்க் கடிகாரம் சரியான நேரம் காட்டுகிறதா, கட்டிலில் படுத்தபடி அது தெரிகிறதா? அப்புறம் மதியச் சாப்பாடு வரும்போது நோயாளிகளுக்குப் பரிமாறுவதிலிருந்தே எடுத்துச் சாப்பிட்டுப் பார்ப்பார்கள். சூடு, ருசி, பக்குவம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட வேண்டும். போர்டு காகிதத்தில் 'உணவுத் திருப்தி' என்று ஒரே எண்ணாக வந்து நிற்பது, இங்கே ஆறிப்போன உருளைக்கிழங்கு மசியலாக வாயில் இருக்கும்.

ஊரில் இவர்களை அடையாளம் தெரிந்தவர்கள் பிடித்துக்கொண்டால் முதலில் பேசுவது கார் பார்க்கிங் கட்டணம். அடுத்தது அப்பாயின்ட்மென்ட் கடிதம் வராதது. தனிப்பட்ட புகாரைக் கவர்னர் விசாரிக்கக் கூடாது, அதற்கு மருத்துவமனையில் தனிப் பிரிவு இருக்கிறது. கேட்டுக்கொண்டு, எங்கே போக வேண்டும் என்று வழி சொல்லலாம். ஐந்து பேர் ஒரே புகாரைச் சொன்னால் அதைக் கூட்டத்தில் எழுப்பலாம். இந்தக் கோட்டுக்குள் நிற்பது சிலருக்குக் கஷ்டம். மருத்துவமனையில் ஏதோ ஒரு கசப்பான அனுபவத்தால் கோபப்பட்டுத் தேர்தலில் நின்றவர்கள், மூன்றாண்டும் அந்த ஒரு விஷயத்தையே பேசிக்கொண்டிருப்பதும் உண்டு. எரிச்சலாக இருக்கும். ஆனால் எரிச்சலூட்டுகிறவர்களை ஒதுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்டாஃபோர்டு இருக்கிறது.

ஸ்டாஃபோர்டு மருத்துவமனையை நடத்திய மிட் ஸ்டாஃபோர்ட்ஷயர் டிரஸ்ட்டுக்கு 2008 பிப்ரவரியில் ஃபவுண்டேஷன் அந்தஸ்து கிடைத்தது. அந்தஸ்துக்காக வருமானமும் செலவும் நேராகக் காட்டப்பட வேண்டும், ஆட்களைக் குறைத்தார்கள். வார்டுகளில் தண்ணீர் கிடைக்காமல், மலம் அள்ள ஆளில்லாமல் முதியவர்கள் கிடந்தார்கள். தாயை அங்கே பறிகொடுத்த ஜூலி பெய்லி, தன்னைப்போல் பாதிக்கப்பட்ட குடும்பங்களைத் தன் காஃபிக் கடையில் கூட்டி 2007-ன் இறுதியிலேயே ஓர் இயக்கம் தொடங்கியிருந்தார். அதாவது டிரஸ்ட்டை இனி நீங்களே ஆளலாம் என்று ஒழுங்குமுறை அமைப்பு சான்றிதழ் கொடுத்தபோது, அதே ஊரின் ஒரு கடையில் செத்தவர்களின் படங்களோடு மக்கள் உட்கார்ந்திருந்தார்கள். சான்றிதழ் கிடைத்த சில மாதங்களுக்குள் இன்னொரு அரசு அமைப்பு விசாரணையைத் தொடங்கியது. 2009 மார்ச்சில் அதன் அறிக்கை நாட்டையே உலுக்கியது. வழக்கறிஞர் ராபர்ட் ஃபிரான்சிஸ் நடத்திய பொது விசாரணை 2013 பிப்ரவரியில் 290 பரிந்துரைகளோடு முடிந்தது. கவர்னர்களுக்கு முறையான பயிற்சியும் வழிகாட்டுதலும் வேண்டும், அவர்கள் தங்கள் உறுப்பினர்களுக்கு மட்டுமல்லாமல் பொதுமக்கள் எல்லாருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்பதும் அவற்றில் உண்டு.

புதிதாக வந்த ஸ்டாஃபோர்டு கவர்னர்களைக் குறை சொல்வது சுலபம். பிரச்சினை அவர்கள் ஆளுமையில் இல்லை, அமைப்பில் இருக்கிறது என்பதே என் கருத்து. கவர்னருக்குத் தெரிவதெல்லாம் டிரஸ்ட் கொடுக்கும் காகிதம். கூட்டக் குறிப்பு எழுதுவது டிரஸ்ட்டின் அலுவலகம். பயிற்சிக்குப் பணம் கொடுப்பது டிரஸ்ட். சொந்தமாக ஒரு ஆய்வாளர் இல்லை, ஒரு வக்கீல் இல்லை, ஒரு குமாஸ்தாகூட இல்லை. மாப்பிள்ளையைப் பற்றி மாப்பிள்ளை வீட்டாரிடமே விசாரித்துவிட்டு வந்து, நல்ல இடம்தான் என்று சொல்வதைப்போல ஆகிவிடுகிறது. ஸ்டாஃபோர்டு காஃபிக் கடையில் கூடியவர்களிடம் சட்ட அதிகாரம் எதுவும் இல்லை; ஆனால் அவர்களுக்குத் தெரிந்தது வார்டிலிருந்து நேராக வந்தது.

ஊழியர் கவர்னர்களிடம் அந்த நேரடி அறிவு உண்டு. அதே வார்டில் வேலை பார்க்கும் நர்ஸ்தான் அங்கே உட்கார்ந்திருப்பார். ஆனால் நாளைக் காலை அவர் ஷிஃப்டுக்குப் போக வேண்டும். அவருடைய மேலதிகாரியின் மேலதிகாரி எதிரே உட்கார்ந்திருக்கிறார். எவ்வளவு பேச முடியும்?

தேர்தலும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. உறுப்பினராகச் சேரப் பணம் கட்ட வேண்டாம், பல டிரஸ்ட்டுகளில் 16 வயதானால் போதும். ஆனால் ஓட்டுப் போடுபவர்கள் குறைவு, சில தொகுதிகளில் போட்டியே இல்லாமல் ஒருவர் தேர்வாகிவிடுவார், சில இடங்கள் காலியாகவே கிடக்கும். இதைச் சுட்டிக்காட்டி, ஊரின் பிரதிநிதி என்று இவர்களை எப்படிச் சொல்வது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான்.

இருந்தும் சில தருணங்களில் இந்தக் குழுவின் கை எடை பெறுகிறது. முக்கியமானது இணைப்பு. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் டிரஸ்ட்டுகள் ஒன்றோடொன்று சேர்வது அதிகமாகிவிட்டது. மான்செஸ்டரின் இரண்டு ஃபவுண்டேஷன் டிரஸ்ட்டுகள் 2017 அக்டோபரில் ஒன்றாயின. போர்ன்மத், பூல் மருத்துவமனைகள் சேர முயன்றதை 2013-ல், இணைப்புகளால் போட்டி குறைகிறதா என்று பார்க்கும் போட்டி ஆணையம் தடுத்தது. பிறகு 2020 அக்டோபரில்தான் அவை ஒன்றாக முடிந்தது. இப்படி ஒவ்வொன்றிலும் கவர்னர்கள் ஓட்டுப் போட வேண்டும். இணைப்பு நல்லதா கெட்டதா என்று அவர்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. போர்டு தீர விசாரித்து, ஊர்மக்களின் நலனைக் கணக்கில் எடுத்து முடிவுக்கு வந்ததா என்பதில் திருப்தி அடைய வேண்டும். கூடவே ஒரு வேடிக்கை: சம்மதித்தால் அந்தக் குழுவே கலைந்துபோகும், புதிய டிரஸ்ட்டுக்குப் புதிய குழு வரும். தன் நாற்காலியைத் தானே எடுத்துவைக்கும் ஓட்டு. பலரும் அதைத் தயங்காமல் போட்டிருக்கிறார்கள் என்பதை அவர்களுக்குப் பெருமையாகவே சொல்ல வேண்டும்.

இப்போது மொத்தக் குழுக்களுக்கும் அதே கதி வரப்போகிறது. 2025 ஜூலையில் சுகாதார அமைச்சர் வெஸ் ஸ்ட்ரீட்டிங் வெளியிட்ட பத்தாண்டுத் திட்டம், ஃபவுண்டேஷன் டிரஸ்ட் என்ற எண்ணத்துக்குப் புத்துயிர் கொடுக்கிறது. நன்றாக நடக்கும் மருத்துவமனைகளுக்கு மறுபடி தன்னாட்சி உண்டு. ஆனால் கவர்னர்கள் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கப்போவதாக அதே திட்டம் சொல்கிறது. நோயாளிகள், ஊழியர்களின் கருத்தை அறிய இன்னும் துடிப்பான வழிகளை டிரஸ்ட்டுகளே ஏற்படுத்திக்கொள்ள வேண்டுமாம். நோயாளிகளின் குரலாக இயங்கும் 'ஹெல்த்வாட்ச்' அமைப்பையும் கலைக்கப்போகிறார்கள். 2003-ல் தன்னாட்சியை ஏற்கவைக்கக் கவர்னர்கள் தேவைப்பட்டார்கள். இந்த முறை தன்னாட்சி மட்டும் போதும் என்று ஆகிவிட்டது.

கருத்துக் கேட்பதற்கு வழிகள் எவ்வளவோ உண்டு. சர்வே எடுக்கலாம், ஆப் வைக்கலாம், கூட்டம் போடலாம். கவர்னர்களிடம் இருந்தது கருத்து மட்டும் இல்லை, ஆடிட்டரையும் சேர்மனையும் நியமிக்கும் உரிமை. ஃபவுண்டேஷன் அல்லாத டிரஸ்ட்டுகளில் சேர்மனை இப்போது நியமிப்பது என்.ஹெச்.எஸ். இங்கிலாந்து என்ற மத்திய அமைப்பு. அந்த அமைப்பையே கலைத்து அமைச்சகத்தோடு சேர்க்கப்போவதாகப் பிரதமர் கியர் ஸ்டார்மர் 2025 மார்ச்சில் அறிவித்துவிட்டார். எல்லாம் அறிவித்தபடி நடந்தால் டூட்டிங்காரர், ஈஸ்ட்ஹாம் சித்தப்பா, ஹாரோ அத்தை மூவரும் சமமாகிவிடுவார்கள்; யாருக்கும் ஓட்டு இருக்காது. செயின்ட் ஜார்ஜஸின் அடுத்த சேர்மனை அப்போது யார் நேர்காணல் செய்வார்கள் என்பதுதான் அங்கே எஞ்சியிருக்கும் கவர்னர்கள் கேட்க வேண்டிய கேள்வி.